மறுநாள் காலை தீவனம் வைத்தவர்

பெறுநர்:
நிர்வாகிகள்,
தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம்,
சென்னை.

ஒரு கதை படமாகும் முன்பே அதைப் பதிவு செய்துவைக்க எழுத்தாளர்கள் படியேறி வரும் அலுவலகம் உங்களுடையது. அதனால்தான் தணிக்கைக் குழுவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். எந்தக் காட்சியையும் வெட்டச் சொல்லவில்லை. எழுதப்படாமலே போகும் காட்சிகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2014இல் வந்த 'சதுரங்க வேட்டை'யை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., ரைஸ் புல்லிங் என்று நம் ஊர்களில் நடக்கும் ஏமாற்றுகளை ஹெச்.வினோத் அத்தனை நுணுக்கமாக எழுதியிருந்தார். அந்தப் படம் பலரை உஷார்ப்படுத்தியிருக்கும். ஆனாலும் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் வாயில் இருந்தது ஏமாற்றும் நாயகன் காந்தி பாபுவின் வசனம். ஏமாந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்கு நினைவிருக்கிறதா? ஆசையில் கண் விரிய வருகிறார்கள், தலையில் அடித்துக்கொண்டு போகிறார்கள். காதலும் மனமாற்றமும் ஏமாற்றியவனுக்கு வாய்க்கின்றன.

இது தமிழ்ப் படத்தின் குறை மட்டுமல்ல. 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படத்தில் பணத்தைப் பறிகொடுக்கும் ஒருவர் வெறும் தொலைபேசிக் குரலாக வருகிறார்; இந்தப் பக்கம் சுற்றி நிற்பவர்கள் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். அந்த மோசடியைச் செய்த நிஜ ஜோர்டன் பெல்ஃபோர்ட்டுக்கோ கடைசிக் காட்சியில் ஒரு வேடமே கிடைத்தது. 'ஸ்கேம் 1992' வந்த பிறகு பங்குச்சந்தை மோசடி செய்த ஹர்ஷத் மேத்தாவின் வசனமும் அந்தத் தொடரின் இசையும் நம் பிள்ளைகளின் ரீல்ஸில் ஓடின.

எங்கள் அத்தையின் கதையைச் சொல்கிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். கொங்குப் பகுதி முழுக்க ஈமு வளர்ப்பு பரவிய காலத்தில், நகையை அடகு வைத்து ஒரு நிறுவனத்தில் பணம் கட்டி, வளர்க்க ஆறு பறவைகளை வாங்கினார். பணம் வாங்க வந்த ஏஜென்ட் சொந்தக்காரப் பையன்தான். முதல் சில மாதம் பராமரிப்புப் பணம் ஒழுங்காக வந்தது. 2012 ஆகஸ்டில் ஈமு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சினிமாவாக இருந்தால் முதலாளி பெட்டியோடு கிளம்பும் இடத்தில் காட்சி முடிந்திருக்கும். அத்தைக்கு அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் காலை ஆறு பறவைகளும் வேலியோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு தீவனத்துக்கு நின்றன. விற்க ஆளில்லை. கொல்ல மனசில்லை. ஏமாற்றியவனின் பறவைகளுக்குக் கடன் வாங்கித் தீவனம் போட்டார். பல பண்ணைகளில் பறவைகள் பட்டினியால் சாக, கடைசியில் அரசே தீவனத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது.

ஏழு மாதம் அவர் புகார் கொடுக்கவில்லை. "பேராசைப்பட்டா இப்படித்தான்" என்று மாமா சொன்னார், ஊரும் சொன்னது. அந்த வார்த்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் நம் திரைக்கதைகளுக்கும் பங்கிருக்கிறது என்று நம்புகிறேன். ஏமாந்தவனின் ஆசைதான் மூலதனம் என்று படத்துக்குப் படம் சொல்லிவிட்டோம். சொந்தக்காரப் பையன் மேல் வைத்த நம்பிக்கைக்குப் பேராசை என்றா பெயர்? மகள் கல்யாணத்துக்கு நாலு காசு சேர்க்க நினைத்ததற்கு? வெட்கப்பட வேண்டியவன் தலைநிமிர்ந்து திரிய, அத்தைதான் விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார்.

புகார் கொடுத்தவர்களுக்கும் காத்திருப்புதான். திருப்பூர் பாசி நிறுவன மோசடி 2009இல் வெளியே வந்தது. சுமார் 930 கோடி ரூபாய். கோவை டான்பிட் (முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட) நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022இல்; இரண்டு பேருக்கு 27 ஆண்டுச் சிறை. நடுவில் கழிந்த பதின்மூன்று வருடத்தில் எத்தனை வாய்தா, எத்தனை பஸ் டிக்கெட், பத்திரத்தைக் கையில் வைத்தபடியே கண்மூடிய எத்தனை பெரியவர்கள்! முதலீட்டாளர்களைக் காக்க 1997லேயே தமிழகம் சட்டம் போட்டுவிட்டது. ஆனால் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் கைக்கு வருவதற்குள் ஒரு வாழ்க்கை ஓடிவிடுகிறது. இதைவிடக் கனமான திரைக்கதை எங்கே கிடைக்கும்?

'துணிவு' படத்தில் வினோத்தே வங்கியில் ஏமாந்தவர்கள் பக்கம் வந்து நின்றார். அதை மனதாரப் பாராட்டுகிறேன். அங்கேயும் அவர்களுக்காகப் பேச, துப்பாக்கி பிடித்த நாயகன் ஒருவன் தேவைப்பட்டான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் உறுப்பினர்களில் ஒரு பத்துப் பேரையாவது சென்னை, மதுரை, கோவை டான்பிட் நீதிமன்றங்களுக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். கூண்டில் நிற்பவரை விட்டுவிடுங்கள்; வராந்தாவில், மஞ்சள் பையில் ரசீதுகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவார்கள். இதுவரை யாரும் கேட்காததால் நிறையவே பேசுவார்கள்.

அத்தையின் ரசீதுகள் இன்னும் பீரோவில், புடவைக்கு அடியில் இருக்கின்றன. எழுதுகிறவர் யாராவது வந்தால் காட்டுவீர்களா என்று போன வாரம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திட்டமாட்டாங்கன்னா வரச் சொல்லு" என்றார்.

அன்புடன்,
ஒரு திரைப்பட ரசிகர்