ப்ரமோஷன் வேணுமா, வேண்டாமா?

போன சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்கப் போய் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். லூட்டனில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம்ம ஊர் சாமான் வேண்டுமென்றால் பரி பார்க் பக்கம்தான் போகணும். கெனில்வொர்த் ரோடு ஃபுட்பால் மைதானமும் அதே ஏரியாவில்தான் இருக்கிறது. மேட்ச் நாளில் அங்கே கார் எடுத்துக்கொண்டு போகிறவனைப் போல முட்டாள் கிடையாது. பதினைந்து வருஷமாக இதே ஊரில் இருந்தும் நான் அந்த முட்டாள்தனத்தை மாதம் ஒரு முறையாவது செய்துவிடுகிறேன். வீட்டம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார் :-)

காரில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் வெள்ளைக்காரர் ஞாபகம் வந்தது. அறுபதைத் தாண்டியவர். அவங்க அப்பா தோளில் உட்கார்ந்து லூட்டன் டவுன் மேட்ச் பார்க்க ஆரம்பித்தவர், இன்றுவரை சீசன் டிக்கெட் விட்டதில்லை. அவரோடு பல நாளாக எனக்கு ஒரு வாக்குவாதம். ஒரு டீமின் ரசிகன் நிஜமாகவே தன் டீம் மேல் டிவிஷனுக்குப் போகணும் என்று விரும்புகிறானா, இல்லை வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறானா? கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள், நம்ம சித்தூர் கதைக்கும் வருகிறேன்.

முதலில் லூட்டன் கதை. 1992-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். அடுத்த சீசனில் பிரிமியர் லீக் என்று பெயர் மாற்றி டிவி பணம் கொட்ட ஆரம்பித்தது. சரியாகப் பந்தி போடும் நேரத்தில் எழுந்து போன கதை. அதற்கப்புறம் கடன், நிர்வாகக் குளறுபடி. 2008-09 சீசனை மைனஸ் 30 புள்ளியோடு தொடங்க வேண்டியிருந்தது. நாலாவது டிவிஷனிலிருந்தும் கீழே போய் ஐந்து வருஷம் லீக்குக்கு வெளியே கிடந்தார்கள். பிறகு 2014, 2018, 2019 என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2023 மே 27-ம் தேதி வெம்ப்ளியில் கவன்ட்ரியைப் பெனால்டியில் 6-5 என்று ஜெயித்து பிரிமியர் லீக்குக்கே போய்விட்டார்கள். அந்த ஒரு மேட்ச்சுக்கு 170 மில்லியன் பவுண்டாவது மதிப்பு என்று டெலாய்ட்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு வந்தவரிடம் ஸ்வீட் பாக்ஸை நீட்டி வாழ்த்துச் சொன்னேன். மைசூர்பாகை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது: "சந்தோஷம்தான். ஆனா அடுத்த வருஷம் பூரா உதை வாங்கணும்."

உதை வாங்கத்தான் செய்தார்கள். 38 மேட்ச்சில் 6 வெற்றி, 26 புள்ளி, பதினெட்டாவது இடம். ஒரே வருஷத்தில் கீழே வந்தாச்சு. வந்த வேகத்தில் 2025-ல் இன்னும் ஒரு படி இறங்கி மூன்றாவது டிவிஷன். இது லூட்டன் தலையெழுத்து மட்டும் இல்லை. 2023-ல் மேலே வந்த மூன்று டீமும் 2024-ல் இறங்கின. 2024-ல் வந்த மூன்றும் 2025-ல் இறங்கின. ஆறுக்கு ஆறு! சம்பளத்திலும் ஆள் பலத்திலும் இரண்டு டிவிஷனுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம்.

அந்த ஒரு வருஷத்தில் நம்ம ஆளின் புலம்பல் இருக்கிறதே, அப்பப்பா. சனிக்கிழமை மூணு மணி மேட்ச்சை டிவிக்காரன் வசதிக்கு வேறு நாளுக்கு, வேறு நேரத்துக்கு மாற்றுவது. கோல் விழுந்தால் உடனே கத்த முடியாமல், வீடியோ ரெஃப்ரி என்ன சொல்வாரோ என்று காத்திருப்பது. ஸ்டாண்டைப் புதுப்பிக்க கிளப் பத்து மில்லியன் பவுண்டுக்குப் பக்கத்தில் செலவழித்தது. அந்த வேலை முடியாததால் முதல் ஹோம் மேட்ச்சையே தள்ளிப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் குறை இருந்தது.

ஆனால் 2023 நவம்பர் 5-ம் தேதியைப் பற்றிக் கேட்டால் முகம் மாறிவிடும். அன்றைக்கு லிவர்பூலுக்கு எதிராக 80-வது நிமிஷத்தில் லூட்டன் கோல் போட்டது. கடைசி நேரத்தில் லிவர்பூல் சமன் செய்து 1-1 என்று முடிந்தது. நடுவில் ஒரு பதினைந்து நிமிஷம் லூட்டன் லிவர்பூலை ஜெயித்துக்கொண்டிருந்தது அல்லவா? அந்தப் பதினைந்து நிமிஷத்தை அவர் இன்னும் நிமிஷம் நிமிஷமாகச் சொல்வார். திரும்ப மேலே போகணுமா என்று கேட்டேன். டீ ஆறும்வரை யோசித்துவிட்டு, "போகணும். அங்கேயே இருக்கணும்னு நான் சொல்லலை. போகணும்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா சித்தூரில் ஒரு பேங்க்கில் கிளார்க். கிரீம்ஸ்பேட்டையில் சொந்த வீடு, கூடவே பாட்டி, வேலூர் போனால் தமிழ்ப் பத்திரிகை, வருஷத்துக்கு இரண்டு முறை காணிப்பாக்கம் பிள்ளையார். பேங்க் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கிளார்க்கிலிருந்து ஆபீஸர் ஆனால் டிரான்ஸ்ஃபர் நிச்சயம். அப்பா பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். ஆர்டர் வந்தது. ஃபர்கோ பண்ணிவிட்டார். சில வருஷம் கழித்துத் திரும்ப எழுதினார், திரும்பப் பாஸ், திரும்ப ஃபர்கோ. போகப் போவதில்லை என்றால் எதற்கு எழுதணும் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

திருப்பதியில் இருந்த எங்க மாமா (அம்மாவின் அண்ணன்) நேர் எதிர். முதல் ஆர்டரிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒடிசா, பீகார் என்று கிளம்பிவிட்டார். பெரிய மேனேஜராக ரிடையர் ஆகி, கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். எங்க வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அம்மா வாயில் மாமா பெயர் வந்துவிடும். எனக்கும் அப்பாமேல் கோபம் உண்டு. தான் காலை வெளியே வைக்காத மனுஷன், என்னை மட்டும் படி படி, வெளியே போ வெளியே போ என்று விரட்டியது எந்த நியாயம்? இங்கே வந்த புதிதில் ஒரு குளிர்கால ராத்திரி போனில் இதைக் கேட்டே விட்டேன். பயந்தாங்கொள்ளி என்ற வார்த்தையையும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

இப்போது நம்ம நாட்டு ஃபுட்பாலைப் பாருங்கள். சென்னை சிட்டி எஃப்சி என்று ஒரு டீம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் விளையாடினார்கள். 2019 மார்ச் 9-ம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக்கை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஜெயித்து என்ன பிரயோஜனம்? பணமும் விளம்பரமும் இருந்த ஐ.எஸ்.எல். பக்கம் போக அவர்களுக்கு வழியே கிடையாது. அங்கே இடம் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கணும், மைதானத்தில் ஜெயித்து வாங்க முடியாது. இரண்டு மூன்று வருஷத்தில் லைசென்ஸ் விதிமுறையைப் பூர்த்தி செய்ய முடியாமல் ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போனார்கள்.

2022-23 சீசனில்தான் ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போக வழி திறந்தது. முதலில் பஞ்சாப் போனது. இரண்டாவது இடத்தில் நின்றது ஸ்ரீநிதி டெக்கான். விசாகப்பட்டினத்தில் ஆரம்பித்து ஹைதராபாத் போன டீம், அதாவது நம்ம தெலுங்கு நாட்டு டீம். அடுத்த வருஷமும் அவர்களுக்கு இரண்டாவது இடமே! 2024-ல் மேலே போனது கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங். சாதாரண டீம் இல்லை. 1934-ல், கல்கத்தா லீக் முதல் டிவிஷனுக்குப் புதிதாக ஏறிய கையோடு அந்த லீக்கையே ஜெயித்த முதல் இந்திய டீம். தொடர்ந்து ஐந்து வருஷம் ஜெயித்தவர்கள். அப்பேர்ப்பட்டவர்கள் 2024-25-ல் ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம். சம்பளப் பாக்கி பிரச்சினை வேறு. 2025-ல் ஐ-லீக் சாம்பியன் யார் என்பதே தகராறாகி, கடைசியில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கீழேயே இருந்தா நிம்மதி, எதுக்கு மேலே போய் உதை வாங்கணும்" என்று சொல்பவர்கள் உண்டு. லூட்டனிலும் உண்டு. எனக்கு அது எட்டாத பழம் புளிக்கும் கதையாகத்தான் படுகிறது. அதே ஆள் கடைசி மேட்ச் அன்றைக்கு டீம் ஜெயிக்கும் நிலையில் இருந்தால், "வேண்டாம்ப்பா, தோத்துடுங்க" என்று வேண்டிக்கொள்வானா? மாட்டான். தொண்டை கிழியக் கத்துவான்.

அதே நேரத்தில் "ரசிகனுக்கு மேல் டிவிஷன்தான் வேணும்" என்று சொல்வதும் பாதி நிஜம்தான். மேலே இருப்பதற்காக கிளப்பின் பெயரையும் நிறத்தையும் மாற்றணும் என்றால் சம்மதிப்பானா? லூட்டன் ரசிகர்கள் இதை யோசித்து, பெயர், நிறம், சின்னம் இதில் எதை மாற்றுவதாக இருந்தாலும் தடுக்கும் உரிமையைத் தங்கள் சங்கத்தின் பெயரில் எழுதியே வாங்கி வைத்திருக்கிறார்கள். ஏறணும், ஆனால் ஏறுவது நாமாகவே இருக்கணும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

ஊருக்கும் இது பொருந்தும். 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு எழுபது கிலோமீட்டர் சித்தூருக்கு வர வேண்டியது மிச்சம் என்று மாமாவுக்கு ஏக சந்தோஷம். 1911-லிருந்து ஜில்லாத் தலைநகரம் என்று நிமிர்ந்து நின்ற சித்தூருக்கு எல்லை சுருங்கிவிட்டது. "உங்க ஊர் டிவிஷன் இறங்கிடுச்சே மாப்பிள்ளே" என்று மாமா அப்பாவை வம்புக்கு இழுத்தார். அப்பா சிரித்துக்கொண்டே, "வெல்ல மண்டி இங்கதானே மச்சான் இருக்கு, அதை எடுத்துட்டுப் போகலியே" என்றார்.

சரி, இந்தப் பதிவு எதற்கு என்றால், இரண்டு மாதம் முன்னால் எனக்கே ஒரு ஆர்டர் வந்தது. டைரக்டர் வேலை, சம்பளம் நன்றாக உயரும். ஆனால் மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டுப் பயணம். பெண்ணுக்கு அடுத்த வருஷம் பத்தாவது மாதிரியான பெரிய பரீட்சை. ஒரு வாரம் தூக்கம் இல்லை. கடைசியில் அப்பாவையே வீடியோவில் கூப்பிட்டேன். ரொம்ப வருஷமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். போகப் போறதில்லைன்னா எதுக்குப்பா ரெண்டு தடவை எழுதினே?

"எழுதாம இருந்தா, முடியாதவன்னு ஆயிடும். எழுதிப் பாஸ் பண்ணிட்டு வேண்டாம்னா, அது என் இஷ்டம். பாட்டியை விட்டுட்டு எப்படிப் போறது? வருத்தம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் உன்னை விரட்டினேன்."

மாமாவையும் கேட்டேன். "பசங்களுக்குத் தமிழும் வரலை, தெலுங்கும் வரலை. அது ஒண்ணுதான் குறை. மத்தபடி திரும்ப ஆர்டர் வந்தா திரும்பப் போவேன்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். இரண்டு பேருக்கும் ஆர்டர் கைக்கு வந்தது, அவரவர் முடிவு செய்தார்கள். சென்னை சிட்டிக்கு அந்த ஆர்டரே வரவில்லை. ஜெயித்தவனுக்குக் கதவு திறக்கணும். திறந்த பிறகு உள்ளே போய் உதை வாங்குவதும், வாசலிலிருந்து கும்பிடு போட்டுத் திரும்புவதும் அவன் பாடு. ரசிகன் நிஜமாக விரும்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன். "நமக்கெல்லாம் மேலே போகத் தகுதி இல்லை" என்று இன்னொருவன் முடிவு செய்வதை மட்டும் அவனால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

என் ஆர்டர் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பெண்ணின் பரீட்சை முடியும்வரை ஃபர்கோ. அடுத்த வருஷம் திரும்ப இன்டர்வியூவுக்குப் போவேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அதுவரை அந்த இடம் காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னபோது, "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு வருஷம் அந்த வார்த்தையை மறக்காமல் வைத்திருக்கிறார், பாருங்கள்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?