அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு மைக் இருக்கிறது

மேடைக் கச்சேரிக்கு ஒலி அமைப்பவர்கள் கூடும் இடங்களில் இப்போது தீர்ப்பு மாதிரி ஒரு பேச்சு அடிபடுகிறது. "கிட்டாரின் ஸ்பீக்கர் கேபினட்டுக்கு முன்னால் மைக் வைப்பதெல்லாம் பழைய காலம். மாடலரிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு லைன் கொடுத்தால் வேலை முடிந்தது." 1998இல் லைன் 6 நிறுவனம் 'பாட்' என்ற சிறு மாடலரை, அதாவது ஆம்ப், ஸ்பீக்கர் ஒலியைப் போலச் செய்யும் கருவியை, விற்பனைக்கு விட்டபோது அதைப் பெரும்பாலும் வீட்டுப் பயிற்சிக்கான பொருளாகத்தான் பார்த்தார்கள். பிறகு ஃப்ராக்டல், கெம்பர், ஹீலிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெரிய மேடைகளையும் பிடித்துவிட்டன.

அந்தக் கருவிகள் மேல் எனக்குப் பகையில்லை. விமானத்தில் கைப்பையோடு போய்விடும். கனமான கேபினட்டை மாடிப்படியில் தூக்க ஆள் தேட வேண்டாம். ஆனால் அவற்றைப் புகழும் வேகத்தில் மைக் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் நிற்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"லைன் என்றால் மைக் கலப்பில்லாத சுத்தமான ஒலி"

கிட்டார் ஆம்பிலிருந்து ஸ்பீக்கரை விலக்கி, உள்ளிருக்கும் மின்சமிக்ஞையை அப்படியே மிக்ஸருக்குக் கொடுத்துப் பாருங்கள். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் தகரத்தில் வண்டு அடைபட்டதுபோல் இரையும். காரணம் எளிது. கிட்டாருக்கென்று செய்யும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பாடும். அதற்கு மேலே செங்குத்தாக இறங்கிவிடும். இந்தக் 'குறை'தான் டிஸ்டார்ஷனின் கூர்முனைகளை மழுக்கி, நமக்குப் பழகிய ராக் கிட்டாரைத் தருகிறது. ஸ்பீக்கரும் அந்த வாத்தியத்தின் ஓர் உறுப்பு.

ஆகவே எந்த மாடலரும் ஸ்பீக்கரை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். எப்படிக் கொண்டுவருகிறது? யாரோ ஒருவர் ஓர் அறையில் உண்மையான கேபினட்டுக்கு முன் உண்மையான மைக்கை வைத்து, சோதனை ஒலியை ஓட்டி, வந்த பதிலைக் கோப்பாகச் சேமிக்கிறார். 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்பது அதுதான். மாடலரின் மெனுவைத் திறந்தால் தெரியும்: எந்த கேபினட், எந்த மைக், எவ்வளவு தூரம் என்று பட்டியல் நீளும். 1965இலிருந்து மேடையில் இருக்கும் ஷூர் எஸ்எம்57 அங்கே இருக்கும். சென்ஹைசர் எம்டி421 இருக்கும். ராயர் நிறுவனத்தின் ரிப்பன் மைக்கும் இருக்கும்.

மைக் ஒழிந்துவிடவில்லை. வேறொருவர், வேறொரு நாளில், உங்களுடையதல்லாத கேபினட்டுக்கு முன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோப்பு ஒரே நிலையில் பிடித்த பதிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏற ஏற உண்மையான கோன் திணறுவதும் நெளிவதும் அதற்குள் வராது.

"கேபினட் வந்தால் மேடையே இரைச்சலாகிவிடும்"

இதில் வரலாறு தலைகீழாகப் படிக்கப்படுகிறது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் ஐம்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. கிட்டார்களுக்கு இருந்தவை வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்புகள். கூச்சலில் தாங்கள் வாசிப்பதே அவர்களுக்குக் கேட்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் கேட்டு நச்சரிக்க, ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்பையும் எட்டு ஸ்பீக்கர் கொண்ட ராட்சத கேபினட்டையும் செய்துகொடுத்தார். தூக்கிச் சுமந்தவர்கள் முறையிட்டதால் அது நான்கு நான்காகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மார்ஷல் அடுக்கு அப்படிப் பிறந்தது.

அரங்கின் கடைசி வரிசைவரை கிட்டாரை மேடையிலிருந்தே தள்ள வேண்டியிருந்த காலத்தின் தேவை அது. கேபினட் முன் மைக் வந்து, அரங்கை நிரப்பும் பொறுப்பைப் பிஏ ஸ்பீக்கர்கள் ஏற்றுக்கொண்டதும் அந்தத் தேவை போய்விட்டது. 100 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் இடையே இருப்பது 10 டெசிபெல்தான். காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 15 வாட் ஆம்பும் ஒரு மைக்கும் இருந்தால் பெரிய அரங்குக்கும் போதும். இன்றும் ஒருவர் மைக்கையும் வைத்துக்கொண்டு 100 வாட்டையும் முறுக்கிவிட்டால், பழி மைக் மேல் விழக் கூடாது.

மைக் இல்லாத சத்தத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. 12 அங்குல ஸ்பீக்கர் உயர் ஸ்தாயியை ஒளிக்கற்றை மாதிரி நேர் முன்னால் வீசும். நேரெதிரே உட்கார்ந்தவர் காதைப் பிளக்கும். பக்கவாட்டில் இருப்பவருக்கு மந்தமாகக் கேட்கும். மைக் வழியே பிஏவுக்குப் போகும்போதுதான் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கிட்டார் போய்ச் சேர்கிறது.

"மைக் வைத்தால் டிரம்ஸும் அதில் ஏறிவிடும்"

ஏறும், கொஞ்சம். கேபினட்டின் துணிக்கு ஓரிரு அங்குலத்தில் மைக் இருக்கும்போது கோன் அதற்குள் கத்துகிற அளவோடு ஒப்பிட்டால், சில அடி தள்ளியிருக்கும் சிம்பல் பின்னால் போய்விடும். நடைமுறையில் தொல்லை எதிர்த்திசையில்தான் வருகிறது: கிட்டார் பாடகரின் மைக்கில் ஏறுகிறது. அதற்கு மருந்து கேபினட்டைச் சற்றுத் திருப்பி வைப்பது, பாடகரின் முதுகுக்கு நேரே வைக்காமலிருப்பது, சத்தத்தைக் குறைப்பது.

மாடலர் போட்டால் இந்தத் தொல்லை தீருமா? மேடைத் தரையில் மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் கிட்டார் அதன் வழியே பாடகரின் மைக்குக்குப் போகும். எல்லோரும் காதுக்குள் மாட்டும் மானிட்டருக்கு மாறினால்தான் மேடை அடங்கும். அந்தப் பெருமை காது மானிட்டருக்குச் சேர வேண்டியது.

"மைக் இடம் ஒரு லாட்டரி, அங்குலம் நகர்ந்தால் ஒலி மாறிவிடும்"

அங்குலம் நகர்ந்தால் மாறும் என்பது உண்மை. லாட்டரி என்பது பொய். மாற்றம் எந்தத் திசையில் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி.

டார்ச்சைத் துணிமேல் ஒட்டிப் பிடித்தால் உள்ளே கோனின் வட்டமும் நடுவில் டஸ்ட் கேப் என்கிற மூடியும் தெரியும். மூடியின் நடுவுக்கு நேரே மைக் வைத்தால் ஒலி கூர்மை, பல சமயம் எரிச்சல். மூடியும் கோனும் சேரும் விளிம்புக்கு நகர்த்தினால் கூர்மை தணியும். கோனின் வெளியோரம் போகப் போக இருண்டு, கனக்கும். துணியை ஒட்டி வைத்தால் பாஸ் பெருகும், ஏனென்றால் திசை பார்த்து வாங்கும் மைக்குகளின் இயல்பு அது. பின்னுக்கு இழுத்தால் பாஸ் வடியும். நடு–ஓரம், முன்–பின் என்று இரண்டே அச்சுகள். மிக்ஸரில் ஈக்யூவைத் திருகுமுன் இவற்றைத் திருகினால் ஈக்யூவுக்கு வேலை குறையும். இடம் கிடைத்ததும் துணிமேல் சிறு டேப் துண்டு ஒட்டுங்கள். நாளைக்கும் அதே இடம்.

தப்பு பெரும்பாலும் இரண்டாவது மைக்கோடு வருகிறது. ஒன்றைவிட இரண்டு நல்லது என்று இன்னொன்றை 17 செ.மீ. பின்னால் வைத்தால், ஒலி அங்கே போய்ச் சேர அரை மில்லிவிநாடி கூடுதலாகும். இரண்டையும் கலந்தால் 1,000 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிட்டார் சோடை போகும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் இந்தச் சண்டை இல்லை.

ஆனால் இரண்டு மைக் கட்டாயம் வேண்டிய ஆம்பும் உண்டு. வாடகைக்குக் கிடைக்கும் ஆம்புகளில் அடிக்கடி தென்படும், 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜேசி-120இல் கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கர் நேரான ஒலியையும் மற்றது சுருதி அசையும் ஒலியையும் தரும். இரண்டும் காற்றில் கலந்துதான் கோரஸ் பிறக்கிறது. ஒரு ஸ்பீக்கர் முன் மட்டும் மைக் வைத்துவிட்டு "மைக்கில் கோரஸ் வரவில்லை" என்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

"ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒலி வேண்டுமென்றால் லைன்தான்"

இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஊருக்கு ஊர் வாடகை கேபினட், அதுவும் எந்த நிலையில் வருமோ தெரியாது என்றால், மாடலர் நம்பகமானது. நானும் அதையே சொல்வேன். சொந்த கேபினட்டோடு பயணம் செய்யும் குழுவுக்கு அந்த நியாயம் பொருந்தாது. மிக்ஸருக்கு ஒரே சமிக்ஞை போவதும் கேட்பவர் காதில் ஒரே ஒலி விழுவதும் வேறுவேறு. தகரக் கூரை மண்டபமும் திறந்தவெளி மைதானமும் ஒரே கோப்பை இரண்டு விதமாகத்தான் திருப்பித் தரும். எப்படியும் அங்கே ஒருவர் காது கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

"கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது"

முழுக் குழுவும் வாசிக்கும்போது பலருக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். வாசிப்பவருக்குத் தெரியும். எதிரே ஸ்பீக்கர் காற்றை அசைக்க, அந்த அசைவு தந்தியை மறுபடி மீட்ட, ஒரே ஸ்வரம் தானாக நீண்டு நிற்பது கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலத்திலிருந்து மின்கிட்டாரின் மொழியில் பாதி. காது மானிட்டரால் தந்தியை அசைக்க முடியாது. சிலர் மேடையில் கேபினட்டை வைத்துவிட்டு அரங்குக்கு லைன் கொடுக்கிறார்கள். அப்போது வாசிப்பவர் ஓர் ஒலியைக் கேட்டு விரலைத் திருத்துகிறார்; கூட்டம் வேறோர் ஒலியைக் கேட்கிறது. கேபினட் முன்னால் வைத்த மைக்கில் அந்தப் பிளவு குறைவு.

மேடை சிறிதா, எல்லோருக்கும் காது மானிட்டர் உண்டா, கேபினட் வாடகையா என்று பார்த்து லைன் எடுக்க முடிவு செய்தால் அது தொழில். பார்க்காமலே "மைக் பழசு" என்றால் அது சோம்பல். ஒரு எஸ்எம்57, ஒரு குட்டை ஸ்டாண்டு, சவுண்ட் செக்கில் கிட்டாருக்கென்று ஐந்து நிமிடம்: கேபினட்டோடு வரும் கலைஞருக்கு ஏற்பாட்டாளர் தர வேண்டியது இவ்வளவுதான். அதைக்கூடத் தராமல் மைக்கைக் குறை சொல்ல வேண்டாம்.