ஏற்கப்படாத இரு உடன்படிக்கைகளும் சிவகாசியின் மருந்து அறைகளும்

தொழிலாளர், ஜவுளி மற்றும் திறன் மேம்பாட்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

பணியிடப் பாதுகாப்பு குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் இயற்றிய 155-ஆம் உடன்படிக்கையையும் 2006-இல் இயற்றிய 187-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. அதாவது, அவற்றுக்குச் சட்டப்படி கட்டுப்படுவதாக அரசு முறையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 2022 ஜூனில் இவை அடிப்படை உடன்படிக்கைகளாக அறிவிக்கப்பட்டதால், ஏற்காத உறுப்பு நாடும் இவற்றின் கோட்பாடுகளை மதித்து நடக்கும் கடமைக்கு உட்பட்டதாகிறது. அக்கடமை விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதைத் தங்கள் குழு சிவகாசிக்கே வந்து ஆராய வேண்டும்.

155-ஆம் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு கருதிப் பணியிடத்தை விட்டு வெளியேறும் தொழிலாளி அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. பட்டாசு ஆலையில் இதன் பொருள் மிகத் தெளிவானது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்து அன்றன்றே தீர்க்கப்பட வேண்டியது; மீந்த மருந்து ஈரம் கண்டு நீர்த்துப்போனால் தானே சூடேறி வெடிக்கக்கூடும். மறுநாள் காலையில் அப்படிப்பட்ட மருந்தைக் கண்டு, குழாயில் அடைக்க மறுத்து அறையை விட்டு வெளியே வரும் பெண்ணுக்கு, உருப்படிக் கணக்கில் கூலி என்பதால், அன்றைய வருமானம் இல்லை. மறுநாள் வேலை உண்டா என்பதும் உறுதியில்லை. ஆலையை உரிமம் பெற்றவர் உள்குத்தகைக்கு விட்டிருந்தால், அந்தப் பெண் யாரிடம் முறையிடுவது என்பதே தெளிவாக இராது.

பெரும் தொழிலக விபத்துகளைத் தடுப்பதற்கான 174-ஆம் உடன்படிக்கையை இந்தியா 2008-இல் ஏற்றது உண்மையே. ஆனால் அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயப் பொருள் வைத்திருக்கும் இடங்களுக்கே உரியது. சிறிய அறையில் சில கிலோ மருந்தோடு இருப்பவர்களை அது எட்டுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகும் இந்த இடைவெளி நாடாளுமன்றத்தில் தனித்து ஆராயப்படாதது வேதனைக்குரியது.

இதற்கு அமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. உடன்படிக்கை செய்யும் அதிகாரம் நடைமுறையில் ஆட்சித்துறையிடம் இருக்கிறது. அரசமைப்பின் 253-ஆம் பிரிவு அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறதே அன்றி, ஏற்பதா வேண்டாமா என்பதை அவை தீர்மானிக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. உள்நாட்டுச் சட்டம் பொருந்திய பின்பே ஏற்போம் என்பது அரசின் நெடுநாள் கொள்கை. எந்தச் சட்டம் எங்கே பொருந்தவில்லை என்று எவரும் கேட்காதவரை, அக்கொள்கை காத்திருப்புக்கு மட்டுமே உதவும். குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1973-ஆம் ஆண்டின் 138-ஆம் உடன்படிக்கை, 2016-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 2017-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்குள் சிவகாசியில் ஒரு தலைமுறையே வளர்ந்து முடிந்திருந்தது.

பணியிடப் பாதுகாப்பு மசோதாவை ஆராய்ந்து 2020 பிப்ரவரியில் அறிக்கை அளித்த குழு இதுவே என்பதால், இப்பணி அதற்குப் புதிதன்று. இரு உடன்படிக்கைகளையும் தமிழில் வெளியிட்டு, மருந்து அறைத் தொழிலாளர்களையும் போர்மேன்களையும் ஆலை உரிமையாளர்களின் முன்னிலையில் அல்லாமல் தனியே விசாரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஏற்கத் தடையாக இருப்பது எது என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் எழுத்துமூலம் விளக்கம் பெற்று, அதை இரு அவைகளிலும் குழு முன்வைக்க வேண்டும்.