வாடகைப் பகைவர்

சிலம்பம் பயில்கிறவன் தனியே நின்று கோல் சுழற்றினால் கை பழகும்; கண் பழகாது. எதிரே ஒருவன் நின்று, இவன் எதிர்பாராத இடத்தில் அடி போட வேண்டும். அந்த எதிராளி அடிக்கவும் வேண்டும், காயப்படுத்தவும் கூடாது. சீடனுக்குப் பழகிப்போன அடிகளையே அவனும் போட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. நல்ல குரு கிடைப்பதைப் போலவே நல்ல பகைவன் கிடைப்பதும் துர்லபந்தான்.

இந்த உண்மையை அமெரிக்க விமானிகள் வியட்நாம் யுத்தத்தில் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள். அதுவரை அவர்கள் பெரும்பாலும் தங்கள் விமானங்களைப் போன்றவற்றுடனேயே சண்டை பழகி வந்தார்கள். வட வியட்நாமின் மிக் விமானங்களோ உருவில் சிறியவை, சட்டென்று திரும்பக்கூடியவை. எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. ஆகவே 1969-ல் கடற்படையார் கலிபோர்னியாவிலுள்ள மிராமரில் ‘டாப் கன்’ பள்ளியைத் தொடங்கினர். 1972-ல் விமானப் படையார் நெவாடாவிலுள்ள நெல்லிஸ் தளத்தில், பகைவனைப் போலவே பறந்து காட்டுவதற்கென்று ஒரு தனிப் பிரிவை அமைத்தனர். 1975-ல் அங்கே ‘ரெட் பிளாக்’ என்னும் பெரும் பயிற்சி ஆரம்பமாயிற்று. போரில் முதல் 10 பயணங்களைத் தாண்டியவன் பிற்பாடு பிழைத்துக்கொள்வான். ஆகையால் அந்தப் பத்தையும் ஒத்திகையிலேயே முடித்துவிட வேண்டும் என்பது அதன் தத்துவம்.

இவ்வளவும் சர்க்கார் வீரர்களே போட்ட வேஷம். பிற்பாடு வேஷத்தையும் குத்தகைக்கு விடும் காலம் வந்தது. காரணம் கணக்குப் பிள்ளையின் காரணந்தான். புதிய போர் விமானம் ஒன்று ஒரு மணி நேரம் பறக்கப் பெருந்தொகை செலவாகிறது. அதன் ஆயுளிலும் ஒரு மணி குறைகிறது. பகைவனாக நடித்த நேரத்தில் விமானி தன் சொந்தப் பாடத்தைப் படிக்கவும் இயலாது. சிக்கனத்தை முன்னிட்டு நெல்லிஸிலிருந்த பகைவர் பிரிவுகளில் ஒன்றை 2014-ல் மூடிவிட்டார்கள்.

அந்த இடத்தில் கம்பெனிகள் நுழைந்தன. அந்நாளில் புளோரிடாவிலிருந்த டிராக்கன் கம்பெனி நியூஸிலாந்தின் ஸ்கைஹாக் விமானங்களையும், ஸ்பெயின் கழித்துவிட்ட மிராஜ் எப்-1 விமானங்களையும் விலைக்கு வாங்கிற்று. வர்ஜீனியாவிலுள்ள ஏடாக் கம்பெனி 2017-ல் பிரான்ஸிடமிருந்து 63 மிராஜ்களை வாங்கிற்று. கனடாவின் டாப் ஏசஸ் இஸ்ரேலின் எப்-16 விமானங்கள் 29-க்கு விலை பேசியது. 2021-ல் அவை அரிஸோனாவுக்கு வந்து இறங்கத் தொடங்கின. 2019 அக்டோபரில் அமெரிக்க விமானப் படை 7 கம்பெனிகளுடன் 640 கோடி டாலர் வரையில் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஸ்பெயினைக் காத்த விமானம் அமெரிக்கப் பாலைவனத்தின்மேல் யாரோ ஒரு பகைவனாக மணிக்கணக்கில் கூலிக்குப் பறந்தது! விமானங்களுக்கும் தலையெழுத்து உண்டு போலும்.

இதைப் படித்து நேயர்கள் நகைக்கலாம். ஆனால் துப்பாக்கியில் ரவை இல்லை என்பதால் ஆகாயம் விளையாட்டு மைதானமாகிவிடாது. 2021 மே 24-ந் தேதி டிராக்கன் கம்பெனியின் மிராஜ் ஒன்று நெல்லிஸுக்கு அருகே, மக்கள் குடியிருக்கும் பகுதியில் விழுந்து நொறுங்கியது. கீழே இருந்தவர்கள் தெய்வாதீனமாகத் தப்பினார்கள். விமானி மாண்டார். வேஷம் பொய்யானாலும் மரணம் மெய்யாகவே வந்தது.

இன்னொரு விஷயம் நம்மை அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. இக்கம்பெனிகளின் விமானிகள் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய வித்தை பொதுஜனங்களின் வரிப்பணத்தில் விளைந்தது. அதைச் சர்க்காரே மறுபடியும் விலை கொடுத்து வாங்குகிறது. அதுவாவது வீட்டுக்குள் நடக்கும் வியாபாரம். பிரிட்டனில் 2022 மார்ச்சில் பகைவராக நடித்துவந்த ஹாக் விமானப் பிரிவைக் கலைத்தார்கள். அந்த வேலை கம்பெனி கைக்குப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் பாதுகாப்பு இலாகா ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஓய்வு பெற்ற விமானிகள் சுமார் 30 பேர் சீனப் படைக்குப் பயிற்சியளிக்கப் பெருஞ்சம்பளத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதே செய்தி!

பள்ளிக்கூடத்தில் காலந் தள்ளும் நமக்கு இது விளங்காத சங்கதி அன்று. வினாத்தாள் தயாரிக்கிறவரே மாலையில் பணம் வாங்கிக்கொண்டு தனிப்பாடமும் சொல்லப் புகுந்தால் என்ன ஆகும்? நம் பையன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதை எதிராளியாக நின்றவன் அறிவதுபோல் மற்றெவரும் அறியார். அந்த அறிவைச் சந்தையில் வைத்துவிட்டால், வாங்க வருகிறவன் யார் என்று தராசு கேட்பதில்லை.

கம்பெனிகளே கூடாதென்பது நமது வாதமன்று. சில்லறைப் பாடங்களுக்கு வாடகைப் பகைவர் சிக்கனமானவர். ஆனால் ரேடார் கண்ணுக்கு எளிதில் அகப்படாத புதிய விமானங்களைப் போல் நடிக்கப் பழைய மிராஜால் முடியுமா? 2014-ல் மூடிய அந்தப் பிரிவை 2022 ஜூனில் எப்-35 விமானங்களுடன் அமெரிக்கர்களே மறுபடியும் திறந்தார்கள். பகைவனை வாடகைக்குப் பிடிக்கலாம். ஆனால் நம் பலவீனங்களை எழுதி வைத்த ஏட்டை வீட்டுப் பெட்டியிலேயே பூட்டி வைப்பதுதான் விவேகம்.