புதியதும் முந்தியதும்



பெருநகரில் கிடைக்காத பொருளே இல்லை என்பர். கையில் பணம் இருந்தால் போதும், எதையும் வாங்கிவிடலாம் என்று நாமும் எண்ணுகிறோம். ஆனால் பணத்தோடு பொறுமையும் பகுத்தறியும் கண்ணும் இருந்தாலன்றி அகப்படாத பொருள்கள் சில உள. சீனத்துப் பசுந்தேயிலை அவற்றுள் ஒன்று. தேயிலையைப் பருகும் வழக்கத்தை உலகுக்குத் தந்த நாடு சீனம். நம் நாவில் பழகிய ‘தே’ என்னும் சொல்லே அந்நாட்டின் ஃபூஜியான் கடற்கரை மக்களின் பேச்சிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி நம்மை வந்தடைந்தது. அத்தகைய நாட்டின் தலைநகராகிய பெய்ஜிங்கிலேயே நல்ல, புதிய பசுந்தேயிலையைத் தேடிக் காண்பது எளிதன்று. அது ஏன் என்று இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

நாம் நாள்தோறும் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பருகுவது கறுப்புத் தேயிலை. பறித்த இலையை வாட்டி, உருட்டிக் கசக்கி, காற்றுப்பட வைக்கும்போது, இலையில் உள்ள நொதிகள் வேலை செய்து அதன் நிறத்தையும் சுவையையும் மாற்றிவிடுகின்றன. பசுந்தேயிலையில் இம்மாற்றத்திற்கு இடமில்லை. பறித்த அன்றே சூடான இரும்புச் சட்டியில் இட்டு வறுத்து, நொதிகளின் செயலை அடக்கிவிடுகிறார்கள். ஆகவே தளிரின் பசுமையும் மணமும் அப்படியே தங்குகின்றன. ஆனால் அந்த மணம் மென்மையானது. வெளிச்சம், வெப்பம், ஈரம், காற்று, அயல் மணம் ஆகிய ஐந்தும் அதற்குப் பகை. கறுப்புத் தேயிலை இரண்டு ஆண்டுகள் தாங்கும். பசுந்தேயிலையோ ஓராண்டுக்குள் தன் உயிரை இழக்கத் தொடங்கிவிடும்.

பெய்ஜிங் தேயிலை விளையும் நிலமன்று. புகழ்பெற்ற லோங்ஜிங் தேயிலை விளையும் ஹாங்ஜோ நகரம் தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தெற்கிலிருந்து நெடுந்தொலைவு வந்து சேரும் தேயிலையின் மணம் குன்றிவிடும் என்பதனால்தான், தலைநகர மக்கள் மல்லிகை மணம் ஏற்றிய தேயிலையை விரும்பலாயினர் என்று சொல்வதுண்டு. 1887-இல் தோன்றிய வூ யூதாய், 1900-இல் தோன்றிய ஜாங் யீயுவான் ஆகிய பழம்பெரும் கடைகள் இன்றும் மல்லிகைத் தேயிலைக்கே பேர்பெற்றவை. இன்று இரயிலும் விமானமும் தொலைவைக் குறைத்துவிட்டன. ஆனால் தொலைவு குறைந்த இடத்தில் அவசரம் வந்து குடியேறிவிட்டது.

இந்த அவசரத்தின் கதையைக் கேளுங்கள். சீன நாட்காட்டியில் ஏப்ரல் 4 அல்லது 5 ஆம் நாளையொட்டி வருவது ‘சிங்மிங்’. மக்கள் தம் முன்னோரின் கல்லறைகளைத் தூய்மை செய்து வணங்கும் நாள் அது. அதற்கு முன் பறித்த இளந்தளிர்த் தேயிலைக்கே விலை மிகுதி. அடுத்து ஏப்ரல் 20 அளவில் வருவது ‘கூயூ’, அதாவது தானியங்களுக்கான மழை. சிங்மிங்குக்கும் கூயூவுக்கும் இடையே பறித்த இலை சற்று முதிர்ந்தது. விலையில் குறைந்தது. ஆயினும் சுவையில் நிறைவானது. எனினும், எல்லாருக்கும் முன்பாகத் தாமே அருந்த வேண்டும், மேலதிகாரிக்கு முதல் தளிரைப் பரிசளிக்க வேண்டும் என்ற ஆவல் பெருநகரில் பெருகிக் கிடக்கிறது. ஆவல் உள்ள இடத்தில் ஏமாற்றும் உடன் வரும்.

ஹாங்ஜோவின் மேற்கு ஏரியைச் சூழ்ந்த 168 சதுர கிலோமீட்டர் பரப்பில் விளைவது மட்டுமே ‘மேற்கு ஏரி லோங்ஜிங்’ என்னும் பெயருக்கு உரியது. அங்கே பறிப்பு வழக்கமாக மார்ச் மாதத்தின் பிற்பகுதியில்தான் தொடங்கும். பழைய நாட்டுச் செடிகள் இன்னும் தாமதமாகத் துளிர்க்கும். ஆனால் வெப்பம் மிகுந்த சிச்சுவான் மாநிலத்திலும், வென்ஜோ பகுதியின் ‘வூனியூ ஜாவ்’ என்னும் முந்திய வகைச் செடியிலும் அதற்கு முன்பே தளிர் வந்துவிடும். அதையும் லோங்ஜிங் போலவே தட்டையாக வறுத்து, அப்பெயரையே சூட்டி விற்போர் உண்டு. அத்தேயிலை கெட்டதன்று, பெயர்தான் பொய். ஆகவே மார்ச் முதல் வாரத்தில் ‘மேற்கு ஏரி’யின் பெயரால் ஒரு தேயிலை விற்கப்பட்டால், அது முந்தி வந்ததே அதன் மீது ஐயம் கொள்ளப் போதிய காரணம். முந்தி வாங்குவோரே முதலில் ஏமாறுகின்றனர்!

அப்படியானால் எங்கே, எவ்வாறு வாங்குவது? பெய்ஜிங் மேற்கு இரயில் நிலையத்தின் அருகே மாலியன்தாவ் என்னும் தேயிலைத் தெரு இருக்கிறது. கடைகளும் பல மாடிச் சந்தைகளும் அங்கே நெருங்கியுள்ளன. வாங்குமுன் அமர்ந்து சுவைத்துப் பார்ப்பது அங்குள்ள மரபு. இந்த ஆண்டின் தேயிலையை ‘ஷின் ச்சா’ என்றும், பழையதை ‘ச்சென் ச்சா’ என்றும் அழைப்பார்கள். பொதியின் மேலுள்ள நாள் பொதி கட்டிய நாளாகவும் இருக்கலாம். ஆதலால் எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில் பறித்தது என்று வாய்விட்டுக் கேட்பது நலம். விலை பெரும்பாலும் 500 கிராம் கொண்ட ஒரு ‘ஜின்’னுக்குச் சொல்லப்படும். 50 கிராம், அதாவது ஒரு ‘லியாங்’ வாங்குவோரையும் வணிகர் இன்முகத்தோடு வரவேற்பர். ஒரு குடும்பத்திற்கு அந்த அளவில் தொடங்குவதே அறிவுடைமை.

கண்ணும் மூக்கும் நாவுமே நமக்குச் சான்று. நல்ல லோங்ஜிங் இலை தட்டையாக, சற்று மஞ்சள் கலந்த பசுமையோடு இருக்கும். பளீரென்ற ஒரே பச்சை மேன்மைக்கு அடையாளமன்று. வறுத்த கொட்டையின் இனிய மணம் எழ வேண்டும். வடித்த நீர் தெளிவாக, வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பேறி, மணமின்றி, நாவில் தட்டையாகத் தோன்றினால் அது பழையது. ஊறிய இலையை விரித்துப் பாருங்கள். முனைமொட்டும் ஓரிரு இளந்தளிரும் சிதையாமல் விரிந்தால், பறித்தவரின் கையும் வறுத்தவரின் கையும் நேர்மையாக உழைத்தன என்று அறியலாம். பொன்நிறப் பெட்டியும் பட்டு உறையும் இதில் எதையும் சொல்லமாட்டா. உணவுப் பொருள்களை அளவு மீறிய ஆடம்பரத்தோடு பொதிவதைக் கட்டுப்படுத்தும் விதியொன்றைச் சீன அரசு 2023 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியதும் நம் சிந்தனைக்குரியது.

வாங்கியதைக் காற்றுப் புகாமல் மூடி, மீன், வெங்காய மணம் அணுகாதவாறு குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறவாமல், அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் திறந்தால் ஈரம் படியாது. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, 80 பாகை அளவில், மூன்று கிராம் இலைக்கு ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டா. அதே இலைக்கு இரண்டு மூன்று முறை நீர் வார்க்கலாம்.

புதியது வேறு, முந்தியது வேறு. உரிய பருவத்தில் பறித்து, உண்மைப் பெயரோடு விற்று, வாடுமுன் பருகுவதே புதியது. ஆகவே சீனத்திலிருந்து திரும்பும் உறவினர், “என்ன வாங்கி வரட்டும்?” என்று கேட்டால், பெரிய பெட்டி வேண்டா என்று சொல்லுங்கள். ஏப்ரல் நடுவில் பறித்த தேயிலை 50 கிராம் போதும். பொங்கல் வரை சேமித்து வைக்காமல், வந்த வாரமே வீட்டார் அனைவரும் கூடியமர்ந்து அருந்துங்கள்.