இனத்திரையும் வர்க்க உண்மையும்

பல இன மக்கள் வாழும் நாட்டில் பூசல் இயல்பே என்பர் சிலர். மொழியும் சமயமும் வேறுபட்டால் மனமும் வேறுபடும் என்பது அவர்தம் வாதம். மலேசிய வரலாறு இவ்வாதத்தை ஏற்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழர் பால்மரக் காட்டிற்கும், சீனர் ஈயச் சுரங்கத்திற்கும், மலாய்க்காரர் நெல்வயலுக்கும் எனப் பெரும்பாலும் பிரித்து வைக்கப்பட்டனர். தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி கேளாதிருக்க இப்பிரிவு முதலாளிகளுக்குப் பெரிதும் உதவியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டனர்; துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு ஒழியவும் கேட்டனர். கிடைத்த விடையோ துப்பாக்கிச் சூடு!

வெள்ளையன் மட்டுமா சுரண்டினான்? தன்கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்ற கங்காணியும் தமிழனே. மொழி ஒன்றாயிருந்தும் நலன் ஒன்றாகவில்லை.

1957இல் விடுதலை வந்தது. அக்காலத்தில் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வாங்கியோர் பலர் உள்நாட்டவர். வேலையும் வீடும் இழந்தோரும் உள்நாட்டில் உழைத்தோரே. 1969 மே 13 கலவரத்திற்குப்பின், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இன வேறுபாடின்றி வறுமையை ஒழித்தல், இன்ன இனத்திற்கு இன்ன தொழில் என்னும் நிலையை மாற்றுதல் ஆகிய அதன் இரு நோக்கங்களும் உயர்ந்தவை. ஆயின், செல்வத்தை இனவாரியாக எண்ணும் கணக்கே மேலோங்கிற்று. அக்கணக்கில் மாளிகைத் தமிழனும் லயத்துத் தமிழனும் ஒரே விழுக்காட்டில் அடங்குவர். மலாய்ச் செல்வனும் மலாய் ஏழையும் அவ்வாறே.

1974இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது, கெடா மாநிலத்துப் பாலிங்கில் கிளர்ந்தெழுந்தோர் மலாய்ச் சிறுதோட்டக்காரர். அவர்களும் பால்மரத்தை நம்பியவர்களே. தோட்டத் தமிழரும் பால்மரத்தை நம்பியவர்களே. மரம் ஒன்று, துயர் ஒன்று. ஆயினும் இருவரும் ஓரணியில் நிற்கவில்லை. அவ்வளவு உறுதியாக நிற்கிறது இனத்திரை!

இனத்தின் பெயரால் நேரும் குறைகள் பொய் என்பதன்று இதன் பொருள். அவை மெய்யே, ஆயினும் அவற்றின் சுமை மிகுதியும் ஏழையின் தோளிலேயே விழுகிறது. தமிழர் பலர் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இந்நாளில், தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கின்றனர். இனம் மாறிற்று, அடிமட்டத்தில் நிற்பவன் நிலை மாறிற்றா?

தமிழாசிரியர் இனப்பெருமையை மட்டும் ஊட்டினாற் போதாது. கிள்ளானையும் பாலிங்கையும் ஒருசேரக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவன், இனத்தின் பெயரால் ஆதரவு கேட்டு வருவோரிடம், “எம் இனத்தில் யாருக்காக?” என்று வினவுவான். அவ்வினா எழாதவரை விடுதலை முழுமை பெறாது.