முதல் வாசிப்பு: குர்லாவில் ஒரு பழைய ஜப்பானிய ஆட்டம்

பழைய வீடியோ கேம்களை இன்று ஆடுவோரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'ரெட்ரோ' என்ற ஒரே சொல்லைக் கையாள்கிறார்கள். அச்சொல்லுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஆடுகிறவர் அதை முன்பே ஆடியவர், தம் இளமைக்குத் திரும்புகிறார், அவரை இயக்குவது நினைவேக்கம். டோக்கியோவிலும் சிகாகோவிலும் இது பொருந்தலாம். குர்லாவில் பொருந்தாது. குர்லாவிலோ அண்டையிலுள்ள தாராவி, செம்பூர்ப் பகுதிகளிலோ வளர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் 1987ஆம் ஆண்டின் ஜப்பானிய ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் திறக்கும்போது, பெரும்பாலும் அவர் எங்கும் திரும்புவதில்லை. அவருக்கு மட்டுமன்று, அவருடைய அண்ணன்மார் தலைமுறைக்கும் அது புதிது. அது முதல் வாசிப்பு. முதல் வாசிப்புக்கு உரிய துணைகளை அதற்கு அளிக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

'செல்டா 2' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1987 ஜனவரியில் ஜப்பானில் 'லிங்க்கின் சாகசம்' என்று பொருள்படும் பெயரில் வெளிவந்து, 1988இல் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டது. பக்கவாட்டில் நகரும் களம், தாவல், வாள்வீச்சு ஆகியவை ஒருபுறம். பகைவரை வீழ்த்தி அனுபவப் புள்ளிகள் சேர்த்து, தாக்குதல், மந்திரம், உயிர் ஆகிய மூன்றையும் எட்டாம் நிலை வரை உயர்த்துவது மறுபுறம். இவற்றுக்கிடையே ஊர் ஊராக நடந்து, ஊராரிடம் பேசி, அவர்கள் உதிர்க்கும் துப்புகளைக் கோத்து ஏழு அரண்மனைகளை அடைய வேண்டும். பேச்சைக் கேளாதவருக்கு வழி எளிதில் திறவாது. பாழடைந்த ஓர் ஊரில் கிடைக்கும் ஒரே வரிதான் கிழக்கே காட்டுக்குள் மறைந்திருக்கும் இன்னோர் ஊரைக் காட்டுகிறது. அவ்வரியைப் படிக்காதவர் எத்தனை திறமையாக வாள் வீசினாலும் அக்காட்டை வெறும் காடாகவே கடந்து செல்வார்.

இத்தகைய ஆட்டங்கள் மும்பைக் குடியிருப்புகளுக்கு ஏன் வரவில்லை? 1990களில் இங்கு வந்தவை 'ஃபாமிகாம்' கருவியின் நகல்கள். 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்ற அவற்றோடு, ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக விளம்பரம் செய்த கேசட்டுகளும் வந்தன. உள்ளே இருந்தவை மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ் சார்லி போன்ற சிறிய ஆட்டங்கள். காரணம் சுவை அன்று, பொறியமைப்பு. 'செல்டா 2' ஜப்பானில் எழுதி அழிக்கக்கூடிய வட்டில் வெளியாயிற்று. அமெரிக்கக் கேசட்டிலோ ஆட்டத்தின் நிலையைச் சேமிக்க ஒரு மின்கலம் பதிக்கப்பட்டிருந்தது. மலிவான நகல் கேசட்டுகளில் பொதுவாக இவ்வசதி இல்லை. பலர் வாழும் ஓரறை வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான். செய்தி நேரம் வந்தால் விசையை அணைக்க வேண்டும். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். அத்தகைய வீட்டில் பல நாள் நீளும் கதை வாழ முடியாது. மணிக்கணக்கில் காசு வாங்கிய வீடியோ பார்லர்களிலும் நின்று படிக்க எவருக்கும் பொறுமை இருந்திருக்காது.

ஆகவே அந்தத் தலைமுறையின் நினைவில் ஒரு துளை இருக்கிறது. ஜப்பானிய ஆட்டம் என்றால் சொற்களற்ற ஆட்டம் என்றே அது நினைவு வைத்திருக்கிறது. வீடியோ கேம் உலகப் பொதுமொழி, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று கருத்தரங்குகளில் கேட்கும் கூற்றுக்கும் இத்துளையே அடிப்படை. சொல் உள்ள ஆட்டங்கள் வந்து சேராத இடத்தில், சொல் தேவையில்லை என்று தோன்றுவது இயல்பே.

இன்று அவை வந்து சேர்ந்துவிட்டன. எமுலேட்டர் கொண்ட எந்தக் கைப்பேசியிலும், ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நிரப்பி விற்கும் சீனக் கையடக்கக் கருவிகளிலும் 'செல்டா 2' ஓடுகிறது. ஆனால் வந்து சேர்ந்தது 1988இன் ஆங்கிலப் பனுவல். இடப்பற்றாக்குறையால் சொற்கள் தந்தி வாசகம்போல் நறுக்கப்பட்டவை; எல்லாம் பெரிய எழுத்துகள். அதில் ஒருவர் தம் பெயர் 'எரர்' என்று அறிமுகம் செய்துகொள்கிறார். ஆட்டம் பழுதாகிவிட்டது என்றே பலர் எண்ணினர். உண்மையில் அது ஒரு சிலேடையின் பாதி. ஜப்பானிய மூலத்தில் காட்டோரம் வாழும் மற்றொருவரின் பெயர் 'பக்'. எரரும் பக்கும் கணினிக்காரர்கள் வைத்த இரட்டைப் பெயர்கள். ஜப்பானிய ஒலிப்பை அப்படியே பெயர்த்து 'பாகு' என்று எழுதியதால் சிலேடை உடைந்தது. உடைந்த பாதி மட்டும் உலகப் புகழ் பெற்றது.

அதே 1987இல் வந்த 'காசில்வேனியா 2' இதனினும் கடுமையானது. அதில் ஊரார் சிலர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள். அது மூலத்திலேயே உள்ள உத்தி. அதன்மேல் ஆங்கில மொழிபெயர்ப்பின் மயக்கமும் படிந்தது. ஒரு வரி புரியாதபோது, சொன்னவர் பொய்யரா, மொழிபெயர்ப்பாளர் தவறினாரா என்று ஆடுகிறவரால் பிரித்தறிய முடியாது. குர்லா இளைஞருக்கு மூன்றாவது ஐயம் ஒன்றும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று வளர்ந்தவருக்கு ஆங்கிலம் நான்காவது மொழி. வரி விளங்காதபோது அவர் பனுவலைக் குறை கூறுவதில்லை. தம் ஆங்கிலம் போதவில்லை என்று முடிவு செய்துகொள்கிறார். பிறர் செய்த பிழையைத் தன் அறியாமையாக ஏற்றுக்கொள்ளும் இப்பழக்கம் ஆட்டத்தோடு நிற்பதில்லை. வகுப்பறைக்கும் நேர்காணலுக்கும் அது கூடவே வருகிறது.

அந்நாளில் அமெரிக்கச் சிறுவர்களும் இவ்வாட்டங்களைத் தனியே ஆடி முடித்தவர்கள் அல்லர். கையேடு இருந்தது, 1988இல் தொடங்கிய 'நிண்டெண்டோ பவர்' இதழ் இருந்தது, நிறுவனமே நடத்திய தொலைபேசி ஆலோசனை இருந்தது, பள்ளி இடைவேளையில் துப்புகளைப் பரிமாறும் நண்பர் கூட்டம் இருந்தது. பனுவல் பாதி, சூழல் பாதி. இன்று நம் கைக்கு வருவது சூழல் உதிர்ந்த பாதி. அதை வைத்துக்கொண்டு, 'இது அநியாயக் கடினம்' என்று தீர்ப்பு எழுதுவது, உரை கிடைக்காத பழம்பாடலைப் புரியாத பாடல் என்று ஒதுக்குவதற்கு ஒப்பானது.

தமிழ்ப் புலமை மரபுக்கு இது புதிய சிக்கல் அன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது நச்சினார்க்கினியர் உரையோடுதான் பதிப்பித்தார். உரையின் துணையோடு படிப்பதை ஏமாற்று என்று எவரும் சொன்னதில்லை. ஆகவே வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்து ஆடுவது இழுக்கு என்னும் தூய்மைவாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் உரைகளுக்குள் வேறுபாடு உண்டு. அருஞ்சொல்லை விளக்கி, இடத்தைச் சுட்டி, வாசகரை மூலத்துக்குத் திருப்பி அனுப்பும் உரை ஒரு வகை. மூலமே வேண்டாம் என்று ஆக்கிவிடும் சுருக்கம் மற்றொரு வகை. தொடக்கம் முதல் முடிவு வரை பிறர் ஆடுவதைக் காட்டும் யூடியூப் காணொளி இரண்டாம் வகை. நோட்ஸ் படித்துத் தேர்வெழுதி நூலைத் திறக்காமலே பட்டம் பெறும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

உரைக்கு அடுத்தது பாடபேதம். 'செல்டா 2'இன் ஜப்பானியப் பதிப்பில் உயிர்கள் தீர்ந்து ஆட்டம் முடிந்தால், மூன்று திறன்களில் எது மிகத் தாழ்ந்ததோ அந்த நிலைக்கே மற்ற இரண்டும் இறங்கிவிடும். ஆங்கிலப் பதிப்பில் நிலைகள் அப்படியே நிற்கும். சேர்த்துவைத்த புள்ளிகள் மட்டுமே போகும். ஒரே ஒரு விதி மாறியதும் அறநெறியே மாறுகிறது. முன்னது ஒன்றை மட்டும் வளர்த்தவரைத் தண்டிக்கிறது. பின்னது அவரை மன்னிக்கிறது. எந்தப் பதிப்பை ஆடினோம் என்று குறிப்பிடாமல் இவ்வாட்டத்தின் கடினத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவது, எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் மேற்கோள் காட்டுவதற்குச் சமம்.

எமுலேட்டர் தரும் 'சேவ் ஸ்டேட்' வசதியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஹார்பர் லைன் ரயிலில் குர்லாவிலிருந்து வாஷி வரை நின்றபடி செல்பவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். இறங்கும்போது நிலையைச் சேமிப்பது நூலில் அடையாளத்தாள் வைப்பது போன்றது. அன்றைய வீட்டுக்குக் கிடைக்காத மின்கலத்தை அது இன்று ஈடு செய்கிறது. ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் சேமித்து, தவறியதும் பின்னோக்கி ஓட்டுவது வேறு செயல். தோல்வியின் விலையை வைத்துத்தான் ஆட்டம் அச்சத்தையும் எச்சரிக்கையையும் கற்பிக்கிறது. விலையை அழித்தால் பாடமும் அழிகிறது.

இறுதியாக மொழிபெயர்ப்பு. இவ்வாட்டங்களைத் தமிழில் ஆட இயலுமா என்ற கேள்வியைச் சிரிப்போடு ஒதுக்குவார்கள். கணக்கிட்டுப் பார்க்கலாம். ஃபாமிகாம் திரை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களால் ஆனது. பின்புலத்துக்கு ஒரு நேரத்தில் 256 கட்ட வடிவங்கள். ஜப்பானியர் பெரும்பாலும் கான்ஜியை விடுத்துக் கானா எழுத்துகளால் எழுதி, ஒலிப்புக் குறிகளை மேற்கட்டத்தில் தனியே வைத்துச் சமாளித்தனர். தமிழில் உயிரும் ஆய்தமும் 13, அகரமேறிய மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72, துணைக்குறிகள் 4, மேற்கட்டத்தில் வைக்கும் புள்ளி 1: ஆக 108. கிரந்த எழுத்துகளைச் சேர்க்காத இக்கணக்கில் பாதி இடத்துக்கு மேல் மிச்சம். ணை, லை, றா, னா முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிய 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் இங்கே துணைக்கு வருகிறது. ணகரமும் ஞகரமும் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்கா. அவற்றுக்கு இரட்டைக் கட்டம் வேண்டும். சிக்கல் உண்டு, ஆனால் அது தச்சனின் சிக்கல். தத்துவச் சிக்கல் அன்று.

தத்துவச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஊரார் நாயகனை எப்படி விளிப்பார்கள்? ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடும். தமிழ் வினைமுற்று நீயா நீங்களா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். கிழவி 'தம்பி' என்பாள். பாலத்துக் காவலன் என்ன சொல்வான்? தாராவியிலும் குர்லாவிலும் ஒலிக்கும் நெல்லைத் தமிழில் அவன் 'ஏலே' என்று அதட்டலாமா, நூல்தமிழில்தான் பேச வேண்டுமா? இவை சமூக மொழியியலின் தேர்வுத்தாள் கேள்விகள். உடைந்த சிலேடைக்கோ தமிழ் இலக்கணமே மருந்து வைத்திருக்கிறது: ஒருவர் 'பிழை', மற்றவர் 'வழு'. வழு என்பது இலக்கண நூலாரின் பழஞ்சொல். இன்று மென்பொருள் எழுதுவோரும் அதே சொல்லை 'பக்' என்பதற்கு ஆள்கிறார்கள். ஆங்கிலம் இழந்ததைத் தமிழ் மீட்கக்கூடிய இடம் இது.

ஆர்வலர்கள் பிற மொழிகளில் செய்யும் பெயர்ப்புகள் பொதுவாக ஆட்டத்தை நகலெடுத்து வழங்குவதில்லை. மாற்ற வேண்டிய பகுதியை மட்டும் தனிக் கோப்பாக வழங்குகின்றன. அவ்வழி நமக்கும் திறந்திருக்கிறது. ஒரு முதுகலை வகுப்பு ஒரு பருவத்தில் ஓர் ஆட்டத்தின் ஊர்ப் பேச்சுகள் அனைத்தையும் தொகுத்து, இரு பதிப்புகளையும் ஒப்பிட்டு, அருஞ்சொல் விளக்கத்தோடு தமிழாக்கிவிட முடியும். அதுவரை மாணவர் எவரும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: காணொளியை மூடிவைத்துவிட்டு, ஓர் ஊருக்குள் நுழைந்து, எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் நின்று பேசி, அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது.